திருப்பிச் சொல்கிறவர்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் கிளிப்பிள்ளை என்று பெயர். சண்டைக் காலத்தில் தலைமையகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். தலைவர் உத்தரவு சொன்னால், இவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுமுனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. அரைக் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வாங்க என்றால், "அரைக் கிலோ வெங்காயம்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு வருஷமாக, வியாழக்கிழமை ஆனால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். கிழவர் புத்தகம் எழுதுகிறாராம், ஞாபகப்படுத்த இவர் வேண்டுமாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "சும்மா, பழைய கதை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீசை வைத்த சக்களத்தி எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

போன வாரம் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். நல்ல சாக்கு என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

பாலத்தைத் தகர்த்த நாளைப் பற்றித்தான் பேச்சு. எதிரி வந்துவிடுவான் என்று, ஜனங்கள் கடக்கும்போதே தகர்த்த பாலம். என் தங்கச்சியும் அதில்தான் போய்ச் சேர்ந்தாள். மதியம் பாலத்தைக் கடந்து வருகிறேன் என்று அன்று காலையில் இவருக்குப் போன் பண்ணியிருக்கிறாள், அதுவே எனக்கு அப்போதுதான் தெரிந்தது! "உத்தரவைத் திருப்பிச் சொன்னப்போ, ஜனங்க இருக்காங்கன்னு நான் கூட்டிச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?" என்று இவர் கேட்டார்.

கிழவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாட்டேன்ப்பா. ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். புத்தகத்துல தெரியாதுன்னு எழுதியிருக்கேன். அதை இன்னைக்கு அடிச்சிடறேன்."

இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு முதலில் துக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. என் தங்கச்சிக்கான அழுகை அது. முப்பது வருஷம் நான் தனியாக அழுததைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துவிட்டு, தன் பங்கை அந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறாரே.

கண்ணாடியை அங்கேயே வாசல் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினார். நான் வந்துபோனது தெரிந்துவிட்டது. சமையலறை வாசலிலேயே நின்றார்.

"என் தங்கச்சி பாலத்துல இருந்தது உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

திருப்பிச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்," என்றார். "உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்."

"உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. அவர்கிட்ட சொன்னதைவிட எனக்கு ஒரு வார்த்தையாவது கூட வேணும்."