மணல் நிறத்தில் ஒரு வீடு

எங்கள் பாகூர்ப் பக்கத்தில் பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு என்றால், அந்த வருஷம் அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரர் ஊர் திரும்பிய வருஷம் எனக்குத்தான் அது நினைவுக்கே வரவில்லை. என் நினைப்பெல்லாம் வாசலோரம் கயிறு கட்டிக் கிடந்த தகரப் பெட்டியில் இருந்தது.

என் வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான கையோடு கப்பல் ஏறிப் போய், எங்கோ பாலைவனத்துக் கோட்டையில் காவல் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். வந்தும் வராத மாதிரிதான் இருந்தார். பெட்டிக் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. “பொங்கல் கழிச்சு மறுபடியும் போறேம்மா” என்று மாமியாரிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய பழக்கமே அதுவரை கிடையாது.

இன்னொரு நாள் இப்படிச் சொன்னார்: “இந்த வெள்ளைச் செவுரு கண்ணு கூசுதும்மா. அங்க தரை இன்னா நெறமோ செவுரும் அதே நெறம். பொழுது சாயறப்போ வூடெல்லாம் புது வெல்லம் மாதிரி ஆயிடும்.”

மாமியார் கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி வைத்துவிட்டு, மகளுக்குப் பொங்கல் வரிசை கொடுக்கத் தவளக்குப்பம் போனார். மறுநாள் காலையில் நான் ஏரி மண்ணும் ஆற்று மணலும் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொல்லையில் கொட்டினேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிக்க இறங்கினார். சாணியும் நறுக்கின வைக்கோலும் நான் சேர்த்தேன்.

“இன்னும் மணல் போடு.”

“போட்டா உதுந்துடும்” என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளைச் சுவர்மேல் வெறும் கையாலேயே பூசினோம். நான் வழவழப்பாக்கப் போனால் தடுத்துவிடுவார். “வெரல் தடம் இருக்கட்டும். காத்து மணல்ல கோடு போட்ட மாதிரி இருக்குது.” தண்ணீர்ப் பானைக்குச் சுவரிலேயே ஒரு மாடம் குடைந்தார். கருவேலங்கிளையைச் சீவி, துணி மாட்ட முளை அடித்தார். சன்னலுக்குப் பனை ஓலைத் தட்டி பின்னினார். சாயங்கால வெயில் பட்டபோது சுவர் அவர் சொன்ன மாதிரியே ஆனது. அன்றைக்கு ரொம்ப நேரம் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

போகியன்று காலையில் எதிர்வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கோழி மேய்ந்த சண்டையில் மாமியாரோடு பேச்சே நின்று போயிருந்தவள்.

“அய்யோ, மக வூட்டுக்குப் போன எடத்துல போயிட்டியா அக்கா! ஒரு வார்த்தை சொல்லியனுப்பலியே!”

ஊரே வெள்ளையாக இருக்க எங்கள் வீடு மட்டும் மண்ணாக இருந்தது. மாமியாரையும் காணோம். அவளுக்கு வேறென்ன தோன்றும்? நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னும் நாலு பெண்கள் கூடி ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் தெருக்கோடியில் மூட்டையோடு மாமியார் வந்தார்.

“எவடி செத்தது?”

எல்லாரும் எதிர்வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நானா? இவ்ளோ பாசத்தை வச்சிக்கிட்டா என் கோழிக்குக் கல்லு வுட்ட?” என்று எதிர்வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்தார். “இன்னாடா இது, எழவு வூடு மாதிரி! நல்ல நாளும் அதுவுமா! எடுடி சுண்ணாம்பை, முழுக்க அடி!”

வீட்டுக்காரர் பெட்டிப் பக்கம் போய்க் கயிற்றை இறுக்கினார்.

“அத்தை, வாசலையும் சன்னலையும் சுத்தி மட்டும் அடிச்சா ஆகாதா?”

“ஊமைக்கு வாய் வந்துடுச்சு பாருடா!” என்றார் மாமியார். ஆனால் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை என் கையில் கொடுத்தார்.

வாசலைச் சுற்றி அகலமாக வெள்ளைப் பட்டை இழுத்தேன். அதன்மேல் விரலால் காவிப் பொட்டு வைத்தேன். மண் சுவரில் அந்த வெள்ளை பளிச்சென்று எடுத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மாமியார், “சரி, லட்சுமி வர்ற வழி வெள்ளையா இருந்தாப் போதும்” என்றார்.

வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். “அங்கயும் கதவைச் சுத்தி இப்படித்தான் அடிப்பாங்க” என்று என்னிடம் சொன்னார். மாமியாரிடம் இல்லை, என்னிடம்.

பொங்கல் கழிந்தது. அவர் கிளம்பவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தையில் உளுந்து கொஞ்சம் கூடுதலாக வந்தது. கொட்டி வைக்கப் பானை பத்தவில்லை என்று மாமியார் முனகினார். வீட்டுக்காரர் போய்ப் பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, துணிகளைக் கருவேல முளையில் மாட்டிவிட்டு, காலிப் பெட்டியை என் பக்கம் தள்ளி, “இதுல கொட்டு” என்றார்.