வரப்பிலிருந்து கொடுத்த குரல்

குத்தாலத்தை அடுத்த எங்கள் ஊரில், சம்பாப் பயிருக்கு ட்ரோன் கொண்டு மருந்து தெளித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வயலில் என் மைத்துனரும் அன்றே தெளித்தார். பொது வரப்பின் மேலே இரு ட்ரோன்களும் எதிரெதிராக நெருங்கின. இயக்குபவரை யோசிக்க விடாமல், "மேல ஏத்துப்பா" என்று நான் கத்தினேன். மைத்துனரும் தம் ஆளிடம் அதையே கத்தினார். இரண்டும் ஒருசேர ஏறி மோதின. ஒன்று, அருகில் களை பறித்துக்கொண்டிருந்த செல்வியின் கைக்கெட்டும் தொலைவில் விழுந்தது.

"என்னையும் களைன்னு நெனச்சிட்டீங்களாய்யா?" என்றார் செல்வி.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணிபுரியும் என் மகளிடம் இதைச் சொன்னேன்.

"ரெண்டு விமானம் ரொம்ப நெருங்கிட்டா, அதுல இருக்கிற கருவிங்களே பேசிக்கிட்டு ஒண்ணை ஏறச் சொல்லும், இன்னொண்ணை இறங்கச் சொல்லும். விமானி அதைத்தான் கேக்கணும். கருவி சொல்றபடி போறேன்னு அவர் சொல்லிட்டா, நாங்க குறுக்க பேச மாட்டோம்ப்பா. நீங்க ரெண்டு பேரும் பேசியிருக்கீங்க" என்றாள்.

இப்போது நானும் மைத்துனரும் ஒரே நாளில் தெளிப்பதில்லை. அருகில் ஆள் இருந்தால் ட்ரோனை எழுப்புவதில்லை. அது பறக்கையில் நான் வாய் திறப்பதுமில்லை. ஆயினும், அதன் இரைச்சல் எங்கே கேட்டாலும், செல்வி இன்றும் பறித்த களையைப் போட்டுவிட்டுக் கரையேறிவிடுகிறார்.