விரதக்காரர் கையில் ஸ்கேலப்

என் நாற்பது வருடச் சர்வீஸில் ஒரு விருந்தாளியின் கையை எட்டிப் பிடித்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் ரிசப்ஷன் ஹாலில், நூறு பேர் பார்க்க. கேட்டரிங் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தில் இது இருக்காது.

நான் பாலசமுத்திரத்தில் ஐந்தாவதோடு நின்றவன். திருப்பதிக்கு வந்து பாத்திரம் தேய்த்து, வெங்காயம் உரித்து, இன்று பெரிய ஓட்டலில் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறேன். ஸ்கேலப்பைச் சரியாக வாட்டத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

1. சரக்கு

ஸ்கேலப் என்பது ஒரு கடல் சிப்பி. ஓடு, விசிறியை விரித்ததுபோல இருக்கும். ஓரமெல்லாம் வளைவு வளைவாக ஓடும். ஜாக்கெட் கைக்கு டெய்லர்கள் வைக்கிற ஸ்கேலப் பார்டர் இந்த வடிவம்தான். உள்ளே இருக்கும் கறி வெள்ளையாக, உருண்டையாக, குட்டி இட்லி அளவுக்கு இருக்கும்.

சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இறக்கி வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் சொதசொதவென்று ஆகிவிடும். துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்து, கல் புகையும்போது வைத்து, ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். அதற்கு மேல் போனால் செருப்பு. முதல் பெட்டியைச் செருப்பாக்கினேன். இரண்டாவது பெட்டியில் பிடித்துவிட்டேன். படித்தவர்களுக்கு நாலு பெட்டி ஆகும்.

2. ஓடு போனது

அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அவர் கேட்டுத்தான் மதிய ரிசப்ஷனுக்கு ஸ்கேலப் வந்தது. ஓட்டிலேயே வைத்துப் பரிமாறுவதாக ஏற்பாடு. மேடை அலங்காரம் செய்ய வந்த சுஜாதா கிச்சனில் எட்டிப் பார்த்தாள். மேடைக்குப் பின்னால் ஆளுயர ஃபைபர் சிப்பி ஒன்றை நிறுத்தியிருந்தாள்.

“மாஸ்டர் காரு, அந்த ஓடெல்லாம் எனக்குக் குடுத்துடுங்க. கேக் டேபிள சுத்தி வெச்சா ஸ்டேஜுக்கு மேட்ச் ஆவும்.”

“ஓட்டுலதாம்மா நான் சர்வ் பண்றேன்.”

“இவ்ளோ பெரிய மாஸ்டரு. ஓடு இல்லாட்டி உங்க ஐட்டம் நிக்காதா?”

அது போதும் எனக்கு. அத்தனை ஓட்டையும் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். வட்டமாக வெட்டிய வாழையிலையில் தட்டுக்கு மூன்று, மேலே மிளகு நெய். பார்க்க இன்னும் அழகாகத்தான் இருந்தது.

3. முதல் தட்டு

கல்யாண விருந்தில் முதல் தட்டை நானே எடுத்துப்போய் அந்த வீட்டு மூத்தவர் கையில் கொடுப்பேன். சர்வீஸ் ஆட்களை விடமாட்டேன். பேர் அப்படித்தான் வரும்.

அன்றைக்கு மூத்தவர், பெண்ணின் பெரியப்பா. நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறவர். போட்டோவுக்காகப் பட்டுச் சட்டையைக் கழுத்துவரை பித்தான் போட்டு, முன்வரிசை சோபாவில் மகனோடு உட்கார்ந்திருந்தார்.

“பெரியவரே, மொத தட்டு உங்களுக்குத்தான். ஆந்திராவுலயே இத இப்படி எவனும் போட மாட்டான்.”

“பாக்கறதுக்கு நுங்காட்டம் கீதே. நுங்க வறுத்தா இம்மாம் வாசன வருமா?”

என்னைப் புகழ்கிறார் என்று சிரித்தேன். அவர் ஒன்றை விரலால் எடுத்தார். இடது கையால் கழுத்துப் பித்தானைத் தளர்த்திக்கொண்டே பேசினார்.

“நாப்பத்தஞ்சு நாளா பருப்பும் கீரையும் துன்னு நாக்கு செத்துப்போச்சுப்பா. நாளைக்கி அலிபிரில திருமல படியேறி, மொட்ட போட்டுக்கினு, மாலைய கழட்டணும்.”

சட்டைக்குள்ளே துளசி மாலை தெரிந்தது.

சிப்பிக் கறி அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்போது எனக்கு வந்த யோசனையையும் மறைக்காமல் எழுதுகிறேன். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. நுங்கு என்றே நினைத்து விழுங்கிவிடுவார். என் பேரும் நிற்கும். ஆனால் தெரிந்தே ஒரு மனிதனின் விரதத்தைக் கெடுத்தவன் நான் ஆகிவிடுவேன்.

மணிக்கட்டைப் பிடித்தேன். கறி அவர் சட்டையில் விழுந்து உருண்டது.

மகன் எழுந்துவிட்டான். “யோவ், யார் மேல கை வெக்கிற? இன்னா நெனச்சிக்கினு கீற?”

“ஐயா, அது சிப்பி. கடல் கறி. ஓட்ட கழட்டிட்டுக் குடுத்தது என் தப்பு. உங்கள கேக்காததும் என் தப்பு.”

மேளக்காரர் கூட நிறுத்திவிட்டார். சபையில் ‘என் தப்பு’ என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரியவர் தன் விரலைப் பார்த்தார். “வாயில படல இல்ல?”

“படல. நான் பாத்துக்கினே இருந்தேன்.”

“அப்ப தண்ணி ஊத்து.”

ஊற்றினேன். முழங்கைவரை கழுவிக்கொண்டு மகனிடம் திரும்பினார். “உக்காருடா. இவன் சும்மா இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா, எனக்குத் தெரிஞ்சிருக்குமா?” பிறகு என்னிடம், “மாலைய கழட்டிட்டு வரேன். அப்பவும் இது இருக்குமா?” என்றார்.

நான் நேராகக் கேக் டேபிளுக்குப் போய் ஓடுகளை அள்ளினேன்.

“மேட்ச் போச்சே மாஸ்டர்,” என்றாள் சுஜாதா.

“போவட்டும்மா.”

ஒவ்வொரு தட்டிலும் ஓடு ஏறிய பிறகுதான் மற்ற தட்டெல்லாம் வெளியே போனது.

4. நாலாம் நாள்

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தார். மகனும் வந்திருந்தான், என்னைப் பார்க்காமல் மெனுவைப் பார்த்தான். ஓட்டில் வைத்துக் கொடுத்தேன். பெரியவர் முதலில் ஓட்டின் ஓரத்தை நகத்தால் தடவினார். “தறியில இந்த வளைவு வராது. மிஷின் எம்ப்ராய்டரிலதான் வரும்,” என்றார். மூன்றையும் சாப்பிட்டார்.

“நல்லாத்தான் கீது. ஆனா இதுக்காக அப்படியா புடிப்ப? படி ஏறச்சொல்லோ கால் வலிக்கல, கைதான் வலிச்சிது.”

மகன் அப்போதுதான் சிரித்தான்.

என் சமையலை இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் தட்டை நீட்டும்போது இப்போது என் பெருமையைப் பேசுவதில்லை. “விரதம் ஏதாவது கீதுங்களா? இன்னா சாப்புடுவீங்க?” என்று கேட்கிறேன். பதில் வந்த பிறகே தட்டு என் கையை விட்டுப் போகும். கல் சூட்டை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வருடம் ஆனது. அதிலும் இந்த ஊர் மாஸ்டர்களில் நான்தான் முதல்.