அக்னெஸ் அக்கா பின்னிய யன்னல்கள்

சென்ட் லோரன்டில் மாத்திரை பொதி செய்யும் தொழிற்சாலையில் பல வருடம் நின்ற அக்னெஸ் அக்கா, அங்கே ஆட்களைக் குறைத்தபோது கொலிஜில் போய்ச் சேர்ந்தார். வேலை போனவர்கள் கணக்கியல் படிப்பார்கள், கொம்பியூட்டர் படிப்பார்கள். இவர் நுண்கலை படிக்கப் போனார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வளர்ந்த பிள்ளைகள் வேறு. 2005இல் எங்கள் கட்டடத்துக்கு இதைவிட வேறு பொழுதுபோக்குத் தேவைப்படவில்லை. நான் அவர் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். மேலே கதிரை இழுபடும் சத்தத்தை வைத்தே அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கிவிடும்.

"கூடை பின்னவோ கௌரி, பஸ் ஏறி அவ்வளவு தூரம் போறா?" என்று அவருடைய கணவர் இரவிச்சந்திரன் அண்ணை என்னிடம் கேட்டார். நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இராது.

கொலிஜ் இருந்தது எங்கள் நகரம் இருக்கிற தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். அந்த வருடம் அங்கே செரோக்கிப் பழங்குடி மக்களின் கலைக்கென்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். கற்பித்த லியோனா ஒக்லஹோமாவிலிருந்து வந்த செரோக்கிப் பெண், அக்காவைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் அக்காவுக்கு அவர் 'மிஸ்'தான். அக்கா படித்த பள்ளிக்கூடத்தில் மிஸ் கரும்பலகையில் எழுதுவதை அச்சுப் பிசகாமல் கொப்பியில் இறக்குகிற பிள்ளைதான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரி இவர்தான்.

பாடத்தின் முடிவில் ஆளுக்கொரு கூடை செய்து காட்ட வேண்டும். அதில் தவறினால் இரண்டாம் வருடம் இல்லை. அப்படியானால் படிப்பை விட்டுவிட்டு புவாண்ட்-கிளேரில் ஏதாவது கிடங்கு வேலைக்குப் போவது என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அக்காவுக்கோ படிப்பை விட மனமே இல்லை. படிப்பு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

ஒருநாள் லியோனா தன் தாய் பின்னிய கூடையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். உள்ளும் வெளியுமாக இரட்டைச் சுவர் வைத்துப் பின்னிய கூடை, கபில நிறத்தில் சாய்சதுரங்கள். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். பிறகு மேலே கதிரைச் சத்தம் ஓயவே இல்லை. பிரம்புக் கீற்றுகளைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, கணவரை என் வீட்டுக்குக் குளிக்க அனுப்பினார். கூடை முடிந்தபோது படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இம்மியும் வித்தியாசமில்லை. நானும் வாய் நிறையப் புகழ்ந்தேன்.

அதைக் கொண்டுபோன நாள் பின்னேரம், அக்கா மேலே ஏறாமல் நேரே என் குசினிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"மிஸ் கூடையைத் திருப்பித் திருப்பிப் பாத்தவா, பிள்ளை. ஒரு இடத்தில விரலை வைச்சுக்கொண்டு நிண்டவா."

அந்த இடத்தில் ஒரு கீற்று வழுவிப்போயிருந்தது. லியோனாவின் தாய் நோயில் கிடந்தபோது கை நடுங்கி விட்ட பிழை அது. அக்கா அதையும் பார்த்து, அதே இடத்தில் அப்படியே இறக்கியிருக்கிறார்.

"'இது என் அம்மாவின் பிழை. உங்கள் பிழை எங்கே?' எண்டு கேட்டவா. இந்தக் கூடையை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ மிஸ் எண்டன். 'வேண்டாம், அம்மாவின் கூடை என்னிடம் இருக்கிறது' எண்டிட்டா."

"பார்த்துச் செய்யாட்டி என்னெண்டு பழகிறது?" என்று நான் சீறினேன். எனக்கு அந்தப் பெண்மேல் நல்ல கோபம்.

"கோவிக்காதை. இன்னொண்டு செய்யச் சொல்லி இரண்டு கிழமை தந்திருக்கிறா. எனக்குத்தான் ஒண்டும் வருகுதில்லை. என்ர எண்டு என்னட்ட என்ன கிடக்கு?"

நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, மடியில் கூடையை வைத்துப் பிரிக்கத் தொடங்கினார். எனக்கு மனம் பதறியது. பிரிந்த கீற்றுகளை நான் வாங்கி வாங்கி மேசையில் அடுக்கினேன்.

மேலே சில நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெல்ல மெல்லக் கதிரை இழுபட்டது.

புதுக்கூடையை கொலிஜின் வசந்தகாலக் கண்காட்சியில்தான் பார்த்தேன். லியோனா அதைத் தேர்ந்தெடுத்து வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. கபிலப் பின்னலில் ஒழுங்கில்லாமல் வெளிர் சதுரங்கள். மாரிகாலத்தில் பஸ்ஸில் திரும்பி வரும்போது தெரிகிற மாடிக் கட்டடங்களின் யன்னல்கள், சிலது வெளிச்சம், சிலது இருட்டு. இரவிச்சந்திரன் அண்ணை அதன் முன்னால் வாய் திறக்காமல் நின்றார். அதுவே பெரிய காரியம்.

ஒரு பிரெஞ்சுக் கிழவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது செரோக்கி வடிவமா, மதாம்?" என்று கேட்டார்.

அக்கா லியோனாவைத் தேடினார். லியோனா வேண்டுமென்றே மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பின்னுகிற முறை அவர்களுடையது," என்றார் அக்கா, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில். "வடிவம் என்னுடையது."

வீட்டைப் பிள்ளைகளுடையது என்பார். காரைக் கணவருடையது என்பார். 'என்னுடையது' என்று அவர் ஒன்றைச் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.