ரோல்கால் முடிந்து, டீ வருவதற்குள்

சின்னவள் ஜெயித்தவை கொஞ்சமல்ல. அரை அங்குலம் உயரம் போதாதென்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய ராணுவத்தில் மூன்றாம் முறை சேர்ந்தாள். அளந்தவர் மாறினாரே தவிர, உயரம் மாறவில்லை. லாரி ஓட்டும் தேர்வில், நக்கலடித்த பதினோரு ஆண்களையும் பின்னுக்குத் தள்ளினாள். முகாமின் விசாரணைப் பிரிவுக்கு எழுத்தராகப் போன முதல் பெண்ணும் அவள்தான்.

அங்கே மற்றவர் சொல்வதை டைப் அடிப்பது அவள் வேலை, கையெழுத்து அதிகாரிகளுடையது. ஏழு வருஷம் அப்படியே போனது.

ஒரு திங்கட்கிழமை, சமையல்கூடத்துச் சிப்பாய்ப் பெண் ஒருத்தி புகார் கொடுக்க வந்தாள். இருபத்திரண்டு வயது. முந்தின வாரம் ஸ்டோர் அறையில் வைத்துத் தன் சார்ஜண்ட் பலாத்காரம் செய்ததாகச் சொன்னாள். விசாரித்தவர் மூத்த அதிகாரி, எல்லோருக்கும் அவர் 'மீசை'. எப்போது நடந்தது என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள், "ரோல்கால் முடிஞ்சு, டீ வர்றதுக்குள்ள சார்" என்றே சொன்னாள். முகாமில் யாரும் மணி சொல்வதில்லை. எது முடிந்து எது வரும் என்பதுதான் கணக்கு.

மீசை சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். டீ நாலு மணிக்கு, பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் ரோல்கால் ஐந்தரைக்கு. முன்னுக்குப் பின் முரண் என்று அடிக்கச் சொன்னார். வியாழக்கிழமை புகாரை மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் அதே சார்ஜண்டிடம் வேலைக்கு நிற்க வேண்டும்.

சின்னவள் அடித்துக் கொடுத்துவிட்டாள், மனசுதான் ஒப்பவில்லை. பொய் சொல்ல வந்தவள் அட்டவணையைப் பார்த்தல்லவா சொல்லியிருப்பாள்?

மறுநாள் மதியம் சாப்பிடப் போகாமல் காவல் அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். மேலிடத்து ஆள் பார்வையிட வருவதால், அந்தப் பெண் சொன்ன நாளில் மட்டும் ரோல்காலை மூன்று மணிக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் சாவிப் புத்தகம். அதே நாளில் ஸ்டோர் சாவியை மூன்று இருபதுக்கு வாங்கி, மூன்று ஐம்பதுக்குக் கொடுத்திருந்தார் சார்ஜண்ட்.

மீசையிடம் சொன்னாள். டைப் அடிக்க வந்தவர் துப்பறிய வேண்டாம் என்று சிரித்தார். புதன்கிழமை மேஜரிடம் போனாள். அவர் சிரிக்கவில்லை.

"அவர் எழுதினதை நான் திருத்த முடியாதும்மா. நீங்க தனியா அறிக்கை குடுக்கலாம். ஆனா அது உங்க பேர்லதான் நிக்கும். நாளைக்கு உங்களைத்தான் கூண்டுல ஏத்திக் கேப்பாங்க."

சாயங்காலம் தையல் கடையிலிருந்த அக்காவுக்கு ஃபோன் செய்தாள். யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடணும், போட்டால் பதவி உயர்வு போனாலும் போகும் என்று மட்டும் சொன்னாள்.

"எழுதினது நெசமா?" என்றாள் அக்கா.

"நெசம்."

"ப்ராக்ரஸ் கார்டுல அப்பா கையெழுத்தையே அச்சு அசலாப் போட்டவ நீ. உன் கையெழுத்தப் போட என்னடி யோசனை?"

அறிக்கை இரண்டு பக்கம் வந்தது. சாவியை வாங்கியது குற்றத்துக்குச் சாட்சியாகாது, ஆனால் அந்தப் பெண் சொன்ன நேரம் சரியானது என்று எழுதி, இரண்டு புத்தகங்களின் நகலையும் இணைத்தாள். புகார் மூடப்படவில்லை. மேஜர் அதை வெளி விசாரணைக்கு அனுப்பினார். விசாரணை முடியும்வரை சார்ஜண்டை வேறு முகாமுக்கு மாற்றினார்கள்.

விசாரணைக் காகிதம் ஒன்றில் சின்னவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.