ஃபிளெக்ஸ் இல்லாத கல்யாணம்

தெருமுனையில் கட்டிய ஃபிளெக்ஸின் கயிறு ஒரு பக்கம் அறுந்துபோய், கடற்காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். தூத்துக்குடியில் யாரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் செய்கிற வேலையில் கை நின்றுவிடும். தோழியின் கல்யாணம் நினைவுக்கு வரும். அந்தக் கல்யாணத்தில் ஒரு ஃபிளெக்ஸ்கூட இல்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வருகிறவள் அவள். ஹார்பர் ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. நாற்பதைத் தாண்டி, வீட்டில் கல்யாணப் பேச்சே மறந்துபோன பிறகு, போன் செய்தாள்.

“ஏளா, எனக்குக் கல்யாணம். சிரிக்காத. செலவு கம்மியா இருக்கணும், பாக்க அந்தக் காலத்துக் கல்யாணம் மாதிரி இருக்கணும். நீதான் வந்து சோடிக்கணும்.”

“நம்ம வயசுக்கு எப்படிச் சோடிச்சாலும் அந்தக் காலத்துக் கல்யாணமாத்தான்ளா இருக்கும்.”

மாப்பிள்ளை தோணிக்காரர். வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய், வாரக்கணக்கில் அங்கே கிடந்துவிட்டுத் திரும்புகிறவர். ஐம்பதை நெருங்கும் வயது. இத்தனை நாள் ஏன் தனியாக இருந்தீர்கள் என்று கேட்டேன். “கடல் விடல” என்றார். பதில் அழகாக இருந்தது. அதனாலேயே நம்பவில்லை. அழகான வாக்கியம் எப்படிச் செய்யப்படுகிறது என்று எனக்குத் தெரியும், கதை எழுதுகிறவளுக்குப் பிழைப்பே அது.

வீடு வீடாக ஏறி இறங்கினோம். பரணிலிருந்து அரிக்கேன் விளக்குகள் இறங்கின. அந்துருண்டை வாசத்தோடு லேஸ் விரிப்புகள் வந்தன. காயலாங்கடையில் கப்பலின் வட்ட ஜன்னல் ஒன்று பித்தளைப் பச்சை ஏறிக் கிடந்தது. இரவல் கேட்டு வாங்கினோம். கோலி சோடா பாட்டில்களைக் கழுவி அரளிக் கொத்து செருக வைத்துக்கொண்டோம். மாப்பிள்ளை தன் பங்குக்குத் தோணியின் கிழிந்த பாய்மரத் துணியைத் தோளில் சுமந்து வந்தார். டீசலும் மாசிக் கருவாடுமாக ஒரு வாசம். பந்தலுக்கு அதைவிட நல்ல கூரை கிடைக்காது என்று எனக்கே தோன்றியது. தோன்றியதை வெளியில் சொல்லவில்லை.

“வாசல்ல உங்க ரெண்டு பேர் படத்தையும் பழுப்பு நிறத்துல பெருசாப் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் வைப்போம். பழைய போட்டோ மாதிரி இருக்கும்” என்றேன்.

தோழி வாயைத் திறக்கும் முன் அவர் சொன்னார். “வேண்டாம் தங்கச்சி. ஃபிளெக்ஸ் வேண்டாம். போன்ல எடுத்து ஸ்டேட்டஸும் போட வேண்டாம். கடைசியில எல்லாரும் நின்னு ஒரே ஒரு படம், போதும்.”

“ஏன் அண்ணே?”

“எனக்குப் பிடிக்காது.”

சொல்லிவிட்டு, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். காது குத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் முகத்தை ஆள் உயரத்துக்கு அடித்துத் தெருவில் நிறுத்துகிற ஊர் இது. இங்கே தன் முகத்தைத் தெருவில் வைக்க ஒருவர் பயப்படுகிறார் என்றால், அதைப் பார்த்துவிடக் கூடாத யாரோ இருக்கிறார்கள். மாலத்தீவிலா, இங்கேயேவா? அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு அசைவையும் பொறுக்கி வைத்துக்கொண்டேன். அவர் சிரித்தால் எதற்கு என்று பார்த்தேன், சிரிக்காவிட்டாலும் எதற்கு என்று பார்த்தேன்.

மாதா கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறு, பூசையின் முடிவில், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடியிருக்கிறேன். இந்த முறை அது என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவதற்குள் வாயைத் திறந்தால் அவள் கல்யாணம் நிற்கலாம். திறக்காமல் இருந்து நான் நினைத்தது சரியாகிவிட்டால், அவள் வாழ்க்கை.

சனிக்கிழமை அவள் வீட்டு மொட்டைமாடியில் பாய்மரத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். மழை வந்தால் துணி ஒழுகுமே என்று காயலாங்கடையிலிருந்து பழைய ஃபிளெக்ஸ் ஒன்றைச் சுருட்டி வாங்கி வந்திருந்தேன். வெள்ளைப் பக்கத்தைக் கீழே காட்டிக் கட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஊரெல்லாம் செய்கிற வேலைதான். விரித்தேன். மாடி ஏறி வந்த மாப்பிள்ளை அதைப் பார்த்ததும் ஓடிவந்தார். குப்புறக் கிடந்ததைப் புரட்டி, மண்டியிட்டு, யார் முகம் என்று தேடினார். ஏதோ டியூஷன் சென்டர் விளம்பரம், பல்லைக் காட்டும் பிள்ளைகள். அவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன். அவசரமாகச் சுருட்டினார்.

“இது இங்கன வேண்டாம் தங்கச்சி.”

“யாருக்கு ஒளியுதீங்க அண்ணே?” கேட்டேவிட்டேன். “நாளைக்குக் கடைசி ஓலை. எனக்கு இப்பவே தெரியணும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் படிக்கட்டிலிருந்து வந்தது. டீத் தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள் தோழி.

“அவிய ஒளியலளா. நாந்தான்.”

உட்கார்ந்து, டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். “முதல் கல்யாணம் நின்னுச்சுல்லா, நீ மெட்ராஸ்ல இருந்த. மாப்ள வீட்டுக்காரவ வேண்டாம்னு சொல்லுததுக்கு முன்னாலயே ஃபிளெக்ஸ் ஏறிட்டு. எல்லாத்தையும் எறக்குனாவ, திருப்பத்துல இருந்த ஒண்ண மறந்துட்டாவ. அத எவனோ அவுத்துட்டுப் போயி உப்பளத்துல உப்பு அம்பாரத்து மேல மூடிட்டான், மழைக்கு. நான் பஸ்ஸுல போற வழி. வேலைக்குப் போனாலும் அங்கன நான், திரும்பி வந்தாலும் நான். மல்லாக்கக் கெடக்கேன்.”

“அவன் மூஞ்சி?”

“அது சீக்கிரமே வெளுத்துட்டு. என் மூஞ்சிதான் போவமாட்டேன்னுட்டு. நல்ல மையா போட்டு அடிச்சிருக்கான், பாவி.” அவள்தான் சிரித்தாள். “பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாவ.”

“போய் எடுத்திருக்கலாமேளா?”

“உப்பு மேல ஏறி என் மூஞ்சிய நானே உரிக்கச் சொல்லுதியா?”

கீழே தெருவில் ஒரு லாரி பின்வாங்கும் பீப் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“அவிய பாக்க வந்தன்னைக்கு இதத்தான் முதல்ல சொன்னேன். யாரு கேட்டாலும் எனக்குத்தான் பிடிக்கலன்னு சொல்லிக்கிடுதேன்னாவ.”

“எங்கிட்ட ஏன்ளா சொல்லல?”

“உங்கிட்டயா? நீ எழுதிப்புடுவ.”

மாப்பிள்ளை முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வரவில்லை.

மறுநாள் மூன்றாம் ஓலை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சந்தேகம் எங்கும் போய்விடவில்லை, திசைதான் மாறியிருந்தது. முன்னால் இருந்த முக்காடுகளையும் வழுக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவர்களில் யார் அந்த பஸ்ஸில் போனவர்கள்? யார் எழுந்து அந்தப் பழைய கதையைச் சொல்லச் சாமியாரிடம் போகப்போகிறார்கள்? ஒருவர் எழுந்தார். ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்தன்று பாய்மரத் துணி காற்றில் உப்பி உப்பி அடங்கியது. மழை வரவில்லை. போனைத் தூக்கியவர்களின் கையை எல்லாம் நானே இறக்கிவிட்டேன். “யாருளா இது, போலீஸா?” என்று ஒரு சித்தி முணுமுணுத்தாள். கடைசியில் எல்லாரும் நின்றோம், ஒரே ஒரு படம். அதில் நான் கேமராவைப் பார்க்காமல் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கார் கிளம்பும்போது, சாத்தப்போன கதவை அவள் காலால் தடுத்தாள்.

“எப்படியும் எழுதத்தான் போற, உன்னத் தெரியாதா?” என்றாள். “எழுதிக்கோ. படம் மட்டும் போட்டுராதளா.”