வடித்த தண்ணீர்

நான் எதையும் வீணாக்காதவள். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது யாராவது என்னைப் பற்றி அப்படிச் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

முப்பது வருஷம் திருச்சியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்ற கையோடு இந்தக் கிறுக்கு முழுசாகப் பிடித்தது. என் கணவர் ரயில்வேயில் ஃபிட்டர். எனக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் போட்டு முடித்து, செய்ய வேறு வேலையில்லாமல் இருந்தார். ஒரே மகள் பெங்களூரில். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தினம் ஒரு கூடைக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் கொட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

பால்கனியில் மண்தொட்டி வந்தது. காய்த்தோல், டீத்தூள், பூஜையறைப் பூ எல்லாம் அதற்குள் போயின. மூன்றாம் மாதம் தொட்டியைக் கிளறியபோது மழை பெய்த வயல் வாசனை அடித்தது. நான் அவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவரும் மோந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, தட்டுல போட்டுடாத" என்றார். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. துணி துவைக்கப் பூந்திக்கொட்டை. மார்க்கெட்டுக்கு அவருடைய பழைய வேட்டியில் தைத்த பைகள். ஹோட்டலில் சாம்பார் வாங்கத் தூக்குவாளி. கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு தூக்கைப் பார்த்ததும் ஒரு கரண்டி கூடவே ஊற்ற ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு வாழை இலையில். சாப்பிட்ட இலையும் தொட்டிக்கே போனது. இதிலெல்லாம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது.

அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான புதிதிலிருந்தே. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க வீட்டு டீச்சர் குப்பையில கூட மார்க் போடுறாங்க" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். நான் கோபப்படுவது போல நடிப்பேன். கேலியைக் கேட்காத நாள் ஒரு மாதிரியாக இருக்கும்.

அவருக்குச் சர்க்கரை பல வருஷமாக இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், வாயையும் ஓரளவு கட்டினார். அப்படியும் ஒரு தடவை கால் வீங்கியது என்று திருச்சி புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் போனபோது, கிட்னி பாதிக்குமேல் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் அது சாப்பாட்டில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். சாப்பாடு என்றால் நான். அந்த அறையை விட்டு வெளியே வரும்போதே அவருடைய உயிரை என் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது. ஒரு பக்கம், என்னால் முடியும் என்ற திமிரும் இருந்தது.

அங்கே உணவு ஆலோசனை சொல்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என் மகளைவிடச் சின்னவள். பொறுமையாகச் சொன்னாள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக் கூடாது, ஏறினால் இதயம் நின்றுவிடும். வாழைப்பழம், வாழைத்தண்டு, இளநீர், தக்காளி, கீரை எதுவும் கூடாது. மற்ற காய்களைச் சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடிக்கோடு வேறு போட்டேன்.

வாழைக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு வாழையை விலக்குவது லேசில்லை. விலக்கினேன். தக்காளி வாங்குவதையே நிறுத்தினேன். எனக்கென்று தனியாகச் சமைப்பது பாவமாகப்பட்டதால், நானும் அவர் சாப்பிட்டதையே சாப்பிட்டேன். சௌசௌ, கோவைக்காய், பீர்க்கங்காய், வெள்ளைப்பூசணி. நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, வடித்து. வடித்த பிறகு அந்தக் காயில் என்ன இருக்கும்? வாயில் போட்டால் ஈரத்துணியை மென்ற மாதிரி இருக்கும். உப்பும் குறைவு, புளியும் குறைவு. அவர் முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் தட்டில் பாதி மிச்சம் வைத்தார். ஒரு மாதத்தில் சட்டை தோளில் தொங்கியது. "பசி இல்ல டீச்சர்" என்பார். பசி இல்லாமல் இல்லை. சாப்பாட்டைப் பார்த்தாலே பயந்தார்.

அது நல்ல கோடை. காலை நடைக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும் போவோம். படித்துறையில் உட்கார்ந்தால் எதிரே மணல்தான். நடுவில் எங்கோ ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு பாத்திரத் தண்ணீரைச் சமையற்கட்டு சிங்க்கில் கொட்டுவேன். இளம் பச்சையாக, காயின் வாசனையோடு, ஆவி பறக்கப் போகும். எனக்கு வயிறு எரியும். காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான் கரைந்திருக்கிறது, அதைக் குழம்பிலோ ரசத்திலோ சேருங்கள் என்று எத்தனை வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருப்பேன். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். சரியாக எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

மனசு கேட்காமல் அந்தத் தண்ணீரை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றினேன். தினம் அவ்வளவு தண்ணீருக்குச் செடி ஏது? அப்புறம் ஒருநாள் மிளகு ரசம் வைத்தேன். தக்காளி இல்லாத ரசம் வெறும் காரத்தண்ணியாக இருக்கும் என்று யோசித்தபடி, கை தன்னால் அந்தப் பாத்திரத்தை எடுத்து ஊற்றியது. பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டும்போது இறக்கினேன். காய் வேறு, தண்ணீர் வேறு என்றுதான் என் மண்டையில் இருந்தது. காயை அவள் சொன்னபடியே சுத்தமாக வடித்துவிட்டேன் அல்லவா. வடித்ததை எங்கே ஊற்றுவது என்று அவள் சொல்லவில்லை. அது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை என்று அவள் நினைத்திருப்பாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலயே. ஏன்?"

"இன்னிக்குத்தான் ரசம் ரசமா இருக்கு."

இரண்டு தடவை சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். கடைசியில் டம்ளரில் வாங்கிக் குடித்தார். நான் அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே ரசம். அதற்கு மறுநாளும். கோடை முழுக்க அவர் என் ரசத்துக்காகத்தான் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பாத்திரத்தில் தண்ணீர் வடிக்கும்போது சமையற்கட்டு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுப்பார். அந்த நாட்களை நினைத்துப் பார்க்க எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது. அதுதான் கொடுமை.

ஒரு நாள் காலை, செருப்பைப் போட்டுக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் கனக்கிறது என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, "நேரமாச்சு, வாங்க" என்று வாசலில் நின்று அதட்டினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் வந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். பாலத்தில் போகும்போது என் தோளில் சாய்ந்திருந்தார், மூச்சு சரியாக வரவில்லை. புத்தூரில் இறங்கியதும் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஓடினார்கள். பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கிறது, இதயத்துடிப்பு குறைந்துவிட்டது, உடனே டயாலிசிஸ் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். உணவு ஆலோசனைப் பெண் நோட்டோடு வந்து கட்டிலருகில் நின்றாள். "அம்மா, நீங்க எப்படிச் சமைக்கிறீங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றாள். நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். நறுக்குவது, ஊறவைப்பது, வேகவைப்பது, வடிப்பது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு எழுதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்:

"வடிச்ச தண்ணியக் கீழதான கொட்டிடுறீங்க?"

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அவள் கேட்டு முடித்ததும் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

"அவங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. "நீங்க சொன்ன மாதிரியேதான் செய்யறாங்க. நான்தான் வாக்கிங் போறப்ப தினம் ஒரு இளநி குடிச்சேன். இவங்களப் படித்துறையில உட்கார வெச்சுட்டு, இப்படி ஒரு நடை போயிட்டு வரேன்னு போயி."

இளநீர் அவருக்கு ஆகவே ஆகாது. வயிறு உப்பும், வழவழப்பு தொண்டையில் நிற்கும் என்பார். யார் வீட்டில் வெட்டிக் கொடுத்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார். மகள் விவரம் தெரிந்ததிலிருந்து ஹாஸ்டல், வெளியூர் என்று வளர்ந்தவள். அவளுக்கு இது தெரியாது.

"ஏம்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்றாள். "அம்மா பாவம், நீங்க சாப்பிடலன்னு தானும் ருசியா சாப்பிடாம கெடக்குறாங்க. நீங்க திருட்டுத்தனமா இளநி குடிக்கிறீங்க. சின்னப் புள்ளையா நீங்க?"

அவர் போர்வை ஓரத்தைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார். உணவு ஆலோசனைப் பெண் எழுதிக்கொண்டாள். நான் நின்றேன். சும்மாதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, மகள் மருந்து வாங்கப் போன சமயம் கேட்டேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"விடு டீச்சர். ரயில்வேயில முப்பத்தஞ்சு வருஷம் திட்டு வாங்குனவன் நான். உனக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்ல."

"நான் அவகிட்ட சொல்லிடுறேன்."

"சொல்லி? நாளைக்கு நீ வெக்கிற சோத்த நான் திங்கணும்ல. அவ பயந்துகிட்டு ஆள் போட்டுச் சமைக்கச் சொல்லுவா. வேணாம்."

அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. அதன் பிறகு டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு தடவை. அந்த ரசம் மட்டும்தான் காரணமா, எப்படியும் வந்திருக்குமா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே. ரசம் வெறும் தண்ணீரில் வைத்தேன். அவர் அதையும் குடித்தார், நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னார். பொய் சொல்வதில் அவர் தேறியிருந்தார்.

மகள் போனில் தினம் கேட்பாள்: "அப்பா இளநி பக்கம் போகலயே?" லீவில் வந்தபோது டயாலிசிஸ் முடித்து அவரை ஆட்டோவில் அழைத்து வந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இளநீர் வண்டி ஒன்று குலை குலையாக அடுக்கி நின்றது. "அந்தப் பக்கம் பாக்காதீங்கப்பா" என்றாள். அவர் சட்டென்று முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்திருக்கிறேன். அடுத்த தடவை அவள் வரும்போது நேரில் சொல்லலாம். வந்தால், அவள் கிளம்பும்போது சொல்லலாம். கிளம்பினால், பயணம் போகிறவள் மனசைக் கலக்க வேண்டாம். இப்படியே பதினோரு மாதம் போயிற்று. கோழைத்தனத்துக்கு நான் வைத்த பெயர்கள் எல்லாமே நல்ல பெயர்கள். பதினோராம் மாதம் டயாலிசிஸுக்கு நடுவிலேயே அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மகளிடம்தான் விவரம் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச, அவர் வாயக் கட்டலையே என்றார்கள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் படையல். போனவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். வடை, பாயசம், அவர் போடுகிற வெற்றிலை எல்லாம் நான் எடுத்து வைத்தேன். மகள் வெளியே போய்விட்டு வந்தாள். கையில், சீவித் திறந்த ஒரு இளநீர். ஸ்ட்ரா கூடப் போட்டிருந்தாள். அதை இலையின் நடுவில், படத்துக்கு நேராக வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இனிமே யாரும் திட்ட மாட்டோம்பா. குடிங்க" என்றாள்.

போன வாரம் முதல் வருஷத் திதி. அவளுக்கு ரயில் தாமதம். வழியிலிருந்து போன் செய்து, "இளநி மறந்துடாதம்மா" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு போய், நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்து இலையில் வைத்தேன்.